தாடை மூட்டின் கதை: ஆற அமர வைத்தியமும் அவசர வைத்தியமும்

இதைப் படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு, பிறகு முன்னால் வழுக்கிப் போகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் மாதிரி சுழலவும் செய்யும், மேசை டிராயர் மாதிரி முன்னால் நகரவும் செய்யும். நடுவில் மெத்தை போல ஒரு சின்னத் தட்டு. இடது வலது இரண்டும் ஒரே எலும்பில் மாட்டியிருப்பதால் ஒன்று முரண்டு பிடித்தால் மற்றதும் சேர்ந்து தவிக்கும்.

எனக்கு வலது பக்கம் 'டக்' என்று சத்தம் வரும். பி.காம் இரண்டாம் வருடத் தேர்வு சமயத்தில் ஆரம்பித்தது. முதலில் முறுக்கு கடித்தால் வலி, பிறகு சப்பாத்திக்கு வலி, கடைசியில் கொட்டாவி விடவே பயம். காது வலி என்று நினைத்து காதுக்குச் சொட்டு மருந்து விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பல் டாக்டரிடம் போனேன். "கடி சரியில்லை, நாலு பல்லை ராவி சமப்படுத்தினால் வலி போயிடும்" என்றார். செலவையும் சொன்னார். கலசப்பாக்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் முழுக்க அந்தத் தொகையைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மா மட்டும் தொகையைக் கேட்கவில்லை. "ராவின பல்லு திரும்ப வளருமாடா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாறெல்லாம் படித்தேன்.

முதல் வைத்தியம்: இரண்டு கட்டை விரல்

எகிப்தில் லக்சர் நகரத்தில் 1862-ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட பிரதி. 1930-ல் ஜேம்ஸ் பிரெஸ்டெட் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். மொத்தம் 48 நோயாளிகளின் விவரம். அதில் 25-வது ஆள் வாயைத் திறந்தார், மூட முடியவில்லை. தாடை நழுவிவிட்டது. வைத்தியர் என்ன செய்ய வேண்டும்? இரண்டு கட்டை விரலையும் வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களை மோவாய்க்குக் கீழே கொடுத்து, தாடையைப் பழைய இடத்தில் விழ வைக்க வேண்டும். பிறகு குணமாகும் வரை தினமும் தேன் வைத்துக் கட்ட வேண்டும்.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் பெயரில் உள்ள நூல்களிலும் ஏறக்குறைய இதே கைமுறைதான். நம் நாட்டில் சுஸ்ருத சம்ஹிதையிலும் தாடை மூட்டு நழுவினால் ஒத்தடம் கொடுத்து, எலும்பை இடத்தில் பொருத்தி, தலையோடு சேர்த்துக் கட்டுப் போடச் சொல்லியிருக்கிறது. கை எலும்பு பிசகினால் புத்தூர் கட்டுக்குப் பஸ் ஏறும் நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது :-)

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதெல்லாம் நழுவிய தாடைக்கு. பார்த்தாலே தெரிகிற கோளாறு, கையால் தீர்கிற கோளாறு. வெளியே எதுவுமே தெரியாமல் மாதக்கணக்கில் வலிக்கிறதே, என்னுடையது மாதிரி, அதற்குத் தனியாக ஒரு பெயர் கிடைக்க 20-ம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

பல்தான் குற்றவாளி?

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். 11 நோயாளிகள். காது வலி, காதில் இரைச்சல், தலைவலி, தலைசுற்றல். கடைவாய்ப் பல் போனவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, மூட்டு பின்னால் போய் நரம்பையும் காதையும் அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். இந்த நோய்க்கே 'காஸ்டன் சிண்ட்ரோம்' என்று பெயர் வந்துவிட்டது. கடியைத் திருத்தினால் வலி போகும் என்று பல் மருத்துவர்கள் பல்லை உயர்த்தவும் ராவவும் ஆரம்பித்தார்கள்.

1948-ல் ஹாரி சிஷர் என்ற உடற்கூறு நிபுணர் அந்த விளக்கத்தை மறுத்தார். காஸ்டன் சொன்ன மாதிரி நரம்பை அழுத்த அந்த மூட்டின் அமைப்பே இடம் கொடுக்காது என்று காட்டினார். 1950-களில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், கோளாறு பெரும்பாலும் பல்லில் இல்லை, மெல்லும் தசைகளின் இறுக்கத்தில் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.

ஆனாலும் பல் ராவுவது நிற்கவில்லை. ஏன்? ராவிக்கொண்ட பலருக்கு வலி உண்மையிலேயே குறைந்தது! பிறகு எப்படி அது தப்பு என்று சொல்வது?

இதற்குச் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு செய்த சோதனைதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். குட்மன், கிரீன், லாஸ்கின் மூவரும் 1976-ல் வெளியிட்டார்கள். 25 நோயாளிகளுக்குப் பல்லை ராவுவது போல *நடித்தார்கள்*. கடியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. 25 பேரில் 16 பேருக்கு வலி முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ போய்விட்டது! அப்படியென்றால் அவர்கள் வலி பொய்யா? இல்லை. ஒருவர் பொறுமையாகக் கேட்டு, 'சரியாகிவிடும்' என்று சொன்னாலே தசை தளர்கிறது. தானாகவே ஏறி இறங்குவதும் இந்த வலியின் குணம். அந்தப் பெருமை இத்தனை வருடமாக ராவிய அரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவசரத்தின் விலை

இனி வருவது ஒரு காமர்ஸ் மாணவனாக என்னைத் தூங்கவிடாத பகுதி.

ஹூஸ்டனில் வைடெக் என்று ஒரு கம்பெனி. நிறுவியவர் சார்லஸ் ஹோம்சி. தாடை மூட்டின் தட்டு கெட்டுப்போனால் அதை எடுத்துவிட்டு அங்கே வைக்க, புரோபிளாஸ்ட், டெஃப்லான் இரண்டும் சேர்ந்த ஒரு தட்டைத் தயாரித்தார்கள். ஆமாம், தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற அதே டெஃப்லான். 1983-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விற்பனைக்கு வழிவிட்டது. 1976-க்கு முன்பே சந்தையில் இருந்த பொருளைப் போன்றதுதான் என்று காட்டினால் போதும், புதிதாக முழுச் சோதனை தேவையில்லை என்பது அங்கே இருந்த ஒரு குறுக்கு வழி. அந்த வழியில்தான் இது வந்தது.

தாடை ஒரு நாளைக்கு எத்தனை முறை அசைகிறது என்று யோசித்துப் பாருங்கள். பேச, சாப்பிட, எச்சில் விழுங்க. டெஃப்லான் தேய்ந்து துகளானது. துகளை உடம்பு எதிரியாகப் பார்த்துத் தாக்கியது. அந்தத் தாக்குதலில் பக்கத்து எலும்பும் கரைந்தது. சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதி வரைக்கும்.

இது முன்கூட்டித் தெரியாத விஷயமா என்றால், தெரிந்ததுதான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950-களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். சில வருடங்களில் தேய்ந்து கெட்டது. துகள் என்ன செய்யும் என்று அறியத் தன் தொடையிலேயே ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டவர் அவர்! 1960-களின் தொடக்கத்திலேயே டெஃப்லானைக் கைவிட்டார். அந்தப் பாடம் இருபது வருடம் கழித்துத் தாடைக்கு வந்தபோது யாருக்கும் ஞாபகம் இல்லை.

20,000-க்கும் மேல் தட்டுகள் விநியோகமாயின. 1990-ல் வைடெக் திவாலானது. அதே வருடம் டிசம்பரில் அரசு எச்சரிக்கை விட்டது. நஷ்டஈடு கேட்ட நோயாளிகளுக்குக் கம்பெனியில் ஒன்றும் மிச்சமில்லை. மூலப்பொருள் தந்த டூபான்ட் மீது வழக்குப் போட்டார்கள். இது மருத்துவத்துக்காகச் செய்ததல்ல என்று முன்பே சொல்லியிருந்ததால் டூபான்ட் தப்பித்தது. கம்பெனிச் சட்டப் பாடத்தில் 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' என்று இரண்டு மார்க்குக்குப் படிக்கிறோம். அதன் மறுபக்கம் வாயைத் திறக்க முடியாத ஒரு மனுஷி என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மறுபடியும் கை

1996-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, முதலில் திரும்பப்பெறக்கூடிய எளிய சிகிச்சை என்ற பக்கம் நின்றது. 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. இதழ் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலுவாகப் பரிந்துரைத்தவை: தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் தசையையும் மூட்டையும் தளர்த்துவது, மனதைப் பழக்கும் சிகிச்சை, வீட்டில் செய்யும் நீட்டல், நல்ல விளக்கமும் தைரியமும். வலுவாக வேண்டாம் என்றவற்றில் கடியை நிரந்தரமாக மாற்றும் பிளேட்டும், மூட்டுத் தட்டை வெட்டி எடுப்பதும் உண்டு.

அதாவது 3,600 வருடம் சுற்றிவிட்டு மறுபடி கைக்கே வந்திருக்கிறோம்.

தாத்தா ஆரணியில் பட்டுத்தறி நெய்தவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது சிரித்தார். "தறியில இழை அறுந்தா பிணைச்சு விடுவோம். அவசரத்துக்குப் பாவையே அறுத்தா அப்புறம் எதைப் பிணைக்கிறது?" என்றார். அம்மா கேட்ட கேள்வியும் அதுதான்.

பல்லை நான் ராவிக்கொள்ளவில்லை. அரசு மருத்துவமனை பல் டாக்டர் ஒருவர் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினார். கொஞ்ச நாளைக்கு மெத்தென்ற சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தினமும் நாலைந்து முறை மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி. முக்கியமாக, உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. படிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மாதம் ஆயிற்று. 'டக்' இன்னும் இருக்கிறது. வலிக்காத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சப்பாத்தி சாப்பிடுகிறேன். முறுக்கு அடுத்த தீபாவளிக்கு :-)

நான் டாக்டர் இல்லை, கணக்குப் படிக்கிறவன். வாய் திறக்கவே முடியாமல் பூட்டிக்கொண்டால், வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், உடனே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலியோடு தாடையும் வலித்தால் அது இதயமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மற்றபடி யாராவது திரும்ப மாற்ற முடியாத ஒன்றைச் செய்யச் சொன்னால், சரி என்று சொல்லும் முன் அம்மா கேட்ட கேள்வியை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.