சுழற்றுவதா, இடிப்பதா: சேலம், நாமக்கல் பாறையில் துளைபோட்ட வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளியில் மண் ஆழமில்லாதது. செம்மண்ணும் சுக்கானும் சில அடி, மிஞ்சினால் சில பத்து அடி. அதற்குக் கீழே நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று பூமியின் மிகப் பழைய பாறைகள் தொடங்கிவிடுகின்றன. சங்ககிரியும் திருச்செங்கோட்டு மலையும் நாமக்கல் கோட்டை நிற்கும் ஒற்றைப் பாறையும் அந்தப் பாறைத்தளம் தரைக்கு மேலே தலைகாட்டும் இடங்கள். கஞ்சமலையில் இரும்புத்தாது, சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் என்று இடத்துக்கு இடம் வகை மட்டும் மாறும். மணலைப் போல இந்தப் பாறை நீரைத் தேக்கிவைக்காது. சிதைந்த மேற்பாறையிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் ஓடும். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் வாய்க்கால் பாசனம் உண்டு. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டங்களின் ஒரு பகுதிக்கு மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய் நீர் தருகிறது. மற்ற ஊர்களுக்கெல்லாம் கிணறே கதி.

அந்தக் கிணறுகள் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டப்பட்ட பெரும் பள்ளங்கள். மண்ணைக் கடப்பாரையும் மண்வெட்டியும் பார்த்துக்கொண்டன. பாறை வந்ததும் தமர் போட வேண்டியிருந்தது. ஒருவர் உளிக்கம்பியை நிறுத்திப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் பிடித்திருப்பவர் கம்பியைச் சற்றே திருப்பிவிடுவார். துளை வேண்டிய ஆழம் போனதும் வெடிமருந்து திணித்து, திரி வைத்துத் தகர்ப்பார்கள். பாறையை உடைப்பது அடி. ஒரே இடத்தில் அடி விழாமல் வட்டமாகத் துளை அமையச் செய்வது திருப்பல். பின்னாளில் வந்த பொறிகள் அனைத்தும் இந்த இரண்டில் எதை முதன்மையாகக் கொள்வது என்பதில்தான் வேறுபட்டன. இப்படி வெட்டிய கிணற்றிலிருந்து கவலை என்ற இறைவையில் பூட்டிய எருதுகள் நீர் இறைத்தன. எருது இழுக்கக்கூடிய ஆழமே கிணற்றின் ஆழத்துக்கும் வரம்பாக இருந்தது.

மின்மோட்டார் அந்த வரம்பை நீக்கியது. ஆயில் என்ஜினும் பிறகு மின்மோட்டாரும் வந்தபின் கிணறுகள் அடுத்தடுத்து ஆழமாக்கப்பட்டன. டிராக்டரோடு இணைத்த கம்ப்ரசரும் அதன் காற்றில் ஓடும் ஜாக்ஹேமரும் கைத்தமரின் இடத்தைப் பிடித்தன. கிணற்றின் அடியில் பக்கவாட்டில் நீளத் துளை போட்டு அடுத்த வெடிப்பை எட்டும் சைடு போரும் பரவியது. வெட்டிய கிணற்றைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. அடுத்த தோட்டத்துக் கிணற்றின் ஊற்று திரும்பிவிட்டது என்ற சண்டைகளுக்கும் அதுவே வழி செய்தது.

செங்குத்தாக ஆழத் துளையிடும் முயற்சி முதலில் சுழற்சியை நம்பியது. தஞ்சைக் கழிமுகத்திலும் கடலோர மணலிலும் ரோட்டரி முறை அருமையாக வேலை செய்யும். பல்வைத்த பிட் சுழன்று மண்ணைச் சீவ, குழாய் வழியே இறங்கும் சேற்றுநீர் சீவலை மேலே கொண்டுவரும். துளை இடிந்துவிடாமலும் தாங்கும். கெட்டிப் பாறையில் அதே பிட் தேய்ந்ததுதான் மிச்சம். பாறையிலுள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. அதைச் சுழற்றியே நொறுக்க வேண்டுமென்றால் பிட்டின்மேல் பல டன் எடையை அழுத்த வேண்டும். எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தால் அது முடியும், லாரிமேல் ஏற்றிய சின்னப் பொறியால் முடியாது. எஃகுக் குண்டுகளைப் போட்டு அரைத்து அரைத்து இறங்கும் காலிக்ஸ் பொறி பாறையையும் துளைக்கும் என்றாலும், ஒரு கிணறு முடிய வாரக்கணக்கில் ஆகும்.

முட்டுக்கட்டையை நீக்கியது இடி. 1950களில் பெல்ஜியத்தின் ஆந்த்ரே ஸ்டெனுயிக் வடிவமைத்த ஹேமர், துளைக்குள்ளேயே இறங்கி அடிக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய பொறிகள் மேலிருந்து அடித்தன. அடியின் வலு ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் கொஞ்சம் கரைந்து, ஆழம் போகப்போகச் சோர்ந்துவிடும். புதிய ஹேமரில் பிஸ்டன் பிட்டுக்கு நேர்மேலே உட்கார்ந்திருக்கிறது. அழுத்தக் காற்று குழாய்கள் வழியே இறங்கி, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பிஸ்டனைப் பிட்டின்மேல் அடிக்கவைக்கிறது. நூறடியில் விழும் அதே அடி ஆயிரம் அடியிலும் விழும். வேலை முடித்து வெளியேறும் காற்றே பாறைப்பொடியையும் மேலே ஊதித் தள்ளிவிடுகிறது. சுழற்சி நிமிடத்துக்கு இருபது, முப்பது சுற்றுக்குமேல் தேவையில்லை. டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் அடுத்த அடிக்குப் புதிய இடத்தில் அமர அது போதும். உளிக்கம்பியைத் திருப்பிப் பிடித்தவரின் வேலைதான் அது.

வீட்டில் பயன்படுத்தும் கைக்கருவிகளிலும் இதே பிரிவு உண்டு. மரத்துக்கும் தகரத்துக்கும் சுழலும் டிரில் போதும். கான்கிரீட் சுவருக்கு முன்னோக்கி அடித்துக்கொண்டே சுழலும் ஹேமர் டிரில் வேண்டும். இம்பாக்ட் டிரைவர் என்று விற்கப்படுவதும் இடிப்பதுதான் என்றாலும் அதன் அடி முன்னோக்கி விழுவதில்லை, சுழலும் திசையில் பக்கவாட்டாக விழுகிறது. நீளமான ஸ்க்ரூவை மரத்தில் இறக்கவும் இறுகிய போல்ட்டைக் கழற்றவும் அது கெட்டி. சுவரில் துளைபோட உதவாது. பெயரிலுள்ள இடியை நம்பி வாங்கிச் சுவரோடு மல்லுக்கட்டுவோர் ஏராளம்.

இந்தியாவின் பாறை நிலங்களில் காற்று ஹேமரால் துளையிடும் ரிக்குகள் பரவலாக இறங்கியது 1966-67 பீகார் வறட்சியின்போதுதான். யுனிசெஃப் அவற்றைக் குடிநீர்க் கிணறுகளுக்காகக் கொண்டுவந்தது. துளைகள் பெருகியதும் அவற்றில் பொருத்திய கைப்பம்புகள் அடிக்கடி பழுதாயின. அதற்கு விடையாக 1970களில் உருவான இந்தியா மார்க் 2 பம்பு கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்டது. பம்பும் வார்ப்பும் ஏற்கெனவே வேரூன்றிய கோவையில் 1960இல் எல்ஜி கம்ப்ரசர் நிறுவனமும், 1977இல் துளையிடும் ரிக் தயாரிக்கும் ரேவதி நிறுவனமும் தொடங்கப்பட்டன. ரிக்குக்கு வேண்டிய காற்றும் இரும்பும் இப்படிப் பக்கத்திலேயே கிடைக்கத் தொடங்கின.

துளைபோடும் தொழில் கோவையில் தங்காமல் திருச்செங்கோட்டில் ஊன்றியது ஏன் என்பதற்கு ஊரின் நிலையே பதில். வானம் பார்த்த நிலத்தில் வேளாண்மை மட்டும் குடும்பத்தைத் தாங்காது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலில் ஊறியவை; சேசிஸ் வாங்கவும் பாடி கட்டவும் கடனுக்கு வண்டி எடுக்கவும் வெளி மாநிலச் சாலைகளில் மாதக்கணக்கில் தங்கவும் பழகிய மக்கள். துளைபோடும் போர் வண்டியும் அடிப்படையில் லாரிதான். உறவினர்கள் பங்கு போட்டு ஒரு ரிக் வண்டியையும் ஒரு கம்ப்ரசர் வண்டியையும் எடுப்பார்கள். அதில் உதவியாளாகச் சேர்ந்தவர் டிரில்லராகி, பிறகு தாமும் பங்குதாரராவார். 1980களில் தொடங்கி இந்த முறையில் பெருகிய வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று பரவின. திருச்செங்கோட்டின் பதிவு எண்ணான டிஎன் 34 தாங்கிய ரிக்குகளை இன்று நாட்டின் பல மாநிலங்களில் காணலாம்.

தொழிலின் கணக்கு அடிக்கணக்கு. ஒரு குழாய் இருபது அடி. மண்ணும் சிதைந்த பாறையும் சரியாமல் இருக்க மேலே கேசிங் குழாய் இறக்கி, பிறகு ஆறரை அங்குலத் துளையாகப் பாறைக்குள் போவார்கள். கேசிங்குக்கு ஒரு விலை, துளைக்கு ஒரு விலை. ஆழம் கூடக்கூட அடிக்கான கூலியும் கூடும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கூலி கொடுத்தாக வேண்டும். எனவே தேங்காயோ வேப்பங்குச்சியோ ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. டிரில்லரோ வெளிவரும் பொடியைப் பார்க்கிறார். நிறம் மாறினால் பாறை மாறுகிறது. ஹேமரின் ஒலி சட்டென மாறிக் குழாய் இறங்கினால் கேப், அதாவது வெடிப்பு. புழுதி ஈரமாகி, சேறாகி, கடைசியில் தண்ணீராகப் பீறிடும். வரும் நீரின் அளவு ஒன்றரை இன்ச்சா, இரண்டு இன்ச்சா என்பதே அன்றைய பேச்சு.

வாரக்கணக்கு வேலை ஒரு பகல் ஓர் இரவில் முடியத் தொடங்கியதும் நிலத்தடி நீர் அதற்கு விலை கொடுத்தது. 1990ஐ ஒட்டி எல்லா விவசாய மோட்டார்களுக்கும் மின்சாரம் இலவசமானது. நீர்மூழ்கி மோட்டார் எந்த ஆழத்திலிருந்தும் இறைத்தது. நூறு, இருநூறு அடியில் நின்ற துளைகள் ஆயிரம் அடியைத் தாண்டின. பழைய சதுரக் கிணறுகள் வறண்டன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் வண்டிகளுக்கு ஓய்வே இருக்காது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தவறி, 2017 ஜனவரியில் தமிழகம் முழுதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது அதுதான் நடந்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003இல் தமிழகம் இயற்றிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. கைவிடப்பட்ட துளைகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010இல் நெறிமுறை வகுத்தது. அப்படியும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை அத்தகைய துளையில் விழுந்து இறந்தது. மீட்புக்காகப் பக்கத்தில் போட்ட அகலத் துளை கெட்டிப் பாறையில் சிக்கி மணிக்கணக்கில் தாமதமானது.

இன்று திருச்செங்கோட்டுப் பட்டறைகள் ரிக்குகளைத் தாமே கட்டி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அனுப்புகின்றன. வண்டிகளில் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் மிகுந்துவிட்டார்கள். பாறை நிலத்துக்குப் போகும் வண்டிக்கு ஹேமரும் பெரிய கம்ப்ரசரும் போதும். ஆற்றுப் படுகைக்கும் கடலோரத்துக்கும் போவதாக இருந்தால் சேறு இறைக்கும் மட் பம்பும் ரோட்டரி பிட்டும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஆர்டர் வருவதால் இரண்டு முறையிலும் வேலை செய்யும் வண்டிகளும் அங்கே கட்டப்படுகின்றன.