வளிமண்டல நைட்ரஜன்

உலர்ந்த காற்றின் கனஅளவில் சுமார் 78 விழுக்காடாக உள்ள, நிறமும் மணமும் அற்ற வாயு. 1772இல் ஸ்காட்லாந்தின் டேனியல் ரூதர்ஃபோர்டு இதைப் பிரித்தறிந்தார். உயிரைத் தாங்காதது என்ற பொருளில் வேதியியலாளர் லவாய்சியே ‘அசோட்’ என்றழைத்தார். பொருந்தாத பெயர்தான்: இதில்லாமல் புரதமோ டி.என்.ஏ.வோ இல்லை. ஆனால் இரு அணுக்களை முப்பிணைப்பு இறுகப் பூட்டியிருப்பதால், பயிர்கள் இதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள முடியாது. மின்னல் சிறிதளவே உடைக்கிறது. இயற்கையில் பெரும்பங்கு நுண்ணுயிர்களுடையது. உளுந்து, தட்டைப்பயறு, தக்கைப்பூண்டு போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரஜனை அம்மோனியாவாக்கிச் செடிக்குத் தருகின்றன. நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவது இந்தச் சத்துக்காகத்தான். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் காற்றின் நைட்ரஜனிலிருந்து ஹேபர்–போஷ் முறையில் அம்மோனியா உற்பத்தி தொடங்கியது. இன்றைய யூரியா மூட்டையிலுள்ள நைட்ரஜனும் காற்றிலிருந்து எடுக்கப்பட்டதே.