தினம் ஒரு சிங்கம்

அக்டோபர் வந்தாலே இன்ஸ்டாகிராம்ல ஒரு கூட்டம் பேனாவும் கையுமா உட்கார்ந்துடும். இங்க்டோபர்! 31 நாள், தினம் ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு மையில ஒரு படம். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர், தன்னோட மை வேலை தேறணும்னு 2009ல தனக்காக ஆரம்பிச்ச பயிற்சி இது. நானும் ஒரு வருஷம் இறங்கினேன். ஒன்பதாம் நாள் லைக் எண்ண ஆரம்பிச்சேன், பத்தாம் நாள் நோட்டை மூடிட்டேன்.

அதனால இன்னிக்கு லைக்கே இல்லாத ஒரு காலத்துக்குப் போகலாம். 1842, எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ. ஓவியர் ஹொகுசாய்க்கு வயது 82. டி-ஷர்ட்ல, மொபைல் கவர்ல எல்லாம் ஒரு பெரிய அலை இருக்கே, அதை வரைஞ்சவர்தான். அந்தப் புகழெல்லாம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. 1839ல வீடு தீப்பிடித்து, சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் சாம்பலாகிவிட்டன. போதாததற்கு ஒரு பேரன், மூத்த மகளோட பிள்ளை. சூதாடிக் கடன் வைப்பான், தாத்தா அடைப்பார், மறுபடியும் வைப்பான்.

இந்த நிலைமையில அவர் தினமும் காலையில ஒரு சிங்கம் வரைய ஆரம்பித்தார். தூரிகை, கறுப்பு மை, ஒரு சின்னத் தாள், மேல அன்றைய தேதி. அவ்வளவுதான். பயிற்சிக்காக இல்லை, கெட்டதை விரட்ட! நாம திருஷ்டி கழிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்தத் தாள்களுக்கு ‘நிஷ்ஷின் ஜோமா’ என்று பெயர். தினமும் பேயோட்டுவது என்று பொருள் சொல்லலாம். வரைந்து முடித்ததும் சுருட்டி வெளியே எறிந்துவிடுவாராம். பேரன் கொண்டுவரும் தொல்லையைத்தான் விரட்டினார் என்றும் சொல்வார்கள்.

கவனிச்சீங்களா, தினமும் அதே சொல்தான். சிங்கம், சிங்கம், மறுபடியும் சிங்கம். இதுல வேடிக்கை, ஜப்பான்ல சிங்கமே கிடையாது. அவர் வரைந்தது சீனாவிலிருந்து வந்த ‘ஷிஷி’ என்ற கற்பனைச் சிங்கம். சில தாள்களில் முழு மிருகம், சிலதில் சிங்க முகமூடி போட்டு ஆடுகிற மனிதன். மையை அழிக்க முடியாது. கோடு தப்பினால் தப்பினதுதான், நாளைக்கு இன்னொரு தாள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தும் அந்தச் சிங்கங்கள் அலுக்கவே இல்லை. எனக்கென்னவோ, பெரிய அலையைவிட இதுங்களைத்தான் பிடிச்சிருக்கு.

எல்லாம் குப்பைக்குப் போகவில்லை. மட்சுஷிரோவைச் சேர்ந்த மியாமொதோ என்ற சாமுராய் கைக்கு ஒரு கட்டு போய்ச் சேர்ந்தது. அவர் குடும்பம் பத்திரமா வச்சிருந்த 219 தாள்கள் இப்போ கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹொகுசாய் 1849ல, 88 வயதில் இறந்தார். கடைசி வரைக்கும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

இந்த அக்டோபருக்கு நான் ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்து வச்சிருக்கேன். காக்கா. போஸ்ட் பண்ணப் போறதில்லை, கேட்காதீங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.