யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு

ரஷ்யாவை விட்டு வெளியேறியதும் ரக்மானினாஃபின் சிருஷ்டி சக்தி வற்றிவிட்டது என்பது இசை வரலாற்றில் பலர் விசாரணையின்றி ஏற்றுக்கொண்டுவிட்ட முடிவு. கணக்கும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 1917 டிசம்பரில் நாட்டை விட்டுப் போகும்போது அவருடைய படைப்பு எண்கள் 39-ஐ எட்டியிருந்தன. 1943-ல் இறக்கும்வரை சேர்ந்தவை 6 மட்டுமே. இடையில், பிழைப்புக்காக மேடை மேடையாகப் பியானோ வாசித்தார். ஆனால் கணக்கு விமர்சனம் ஆகாது. அந்த 6-ல் தனிப் பியானோவுக்கென்று எழுதிய ஒரே படைப்பான, 'கோரெல்லி மெட்டின் மீதான வேரியேஷன்க'ளை முன்வைத்து நான் இதை மறுக்க விரும்புகிறேன்.

அது எழுதப்பட்ட வருஷம் 1931. முந்தைய வருஷம் சோவியத் நாட்டுக்குப் போன தாகூர் அங்குள்ள கல்வியைப் பாராட்டியிருந்தார். அதைக் கண்டித்து ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் வந்த கடிதத்தில் கையெழுத்திட்ட மூவரில் ரக்மானினாஃபும் ஒருவர். மார்ச்சில் மாஸ்கோ பதிலடி தந்தது. அவரால் திரும்பிப் போக முடியாத நாட்டில் இப்போது அவர் இசைக்கும் இடமில்லை என்றாயிற்று. அந்தக் கோடையில், பிரான்ஸில் இருந்தபடி, அவர் தேர்ந்துகொண்டது ரஷ்ய மெட்டு எதையும் அல்ல.

கோரெல்லியின் மெட்டுங்கூட அல்ல அது. 'ஃபோலியா' என்ற, பித்து என்று பொருள்படும், பழைய ஐபீரிய ஆட்டத்தின் மெட்டு. 1700-ல் கோரெல்லி வெளியிட்ட வயலின் ஸொனாட்டாக்களில் கடைசியானது இதன் மீது அமைந்தது. லுல்லி, விவால்டி, பின்னால் லிஸ்ட் என்று பலர் கைகளில் புழங்கியது. ஆகவே தலைப்பு சரித்திரரீதியாகத் தவறு. ஆனால் ஊரும் உரிமையாளனும் இல்லாத ஒரு மெட்டில்தான் இவரால் குடியேற முடிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

டி மைனரில், 16 தாள அளவுகளில், அலங்காரமின்றி மெட்டு வருகிறது. 13 வேரியேஷன்களில் அது படிப்படியாகச் சிதைக்கப்படுகிறது. பிறகு ஒரு இடையிசை. அதன்பின் 14-வதில் மெட்டு முழு உருவில், ஆனால் அரைச்சுரம் கீழே இறங்கி டி ஃப்ளாட் மேஜரில், திரும்புகிறது. இரண்டே வேரியேஷன்களுக்கு இந்த வெளிச்சம். 16-வதில் பழைய மைனர் வந்துவிடுகிறது. 20-வது உச்சத்துக்குப் போகிறது. ஆனால் வெற்றி முழக்கம் இல்லை. தணிந்த குரலில் படைப்பு முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுப்பாடு, இரண்டாவது கன்செர்ட்டோவை மட்டும் அறிந்தவர்கள் அவரிடம் எதிர்பார்க்காதது. வற்றியவனின் காரியமாக இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அரங்கேற்றம் அக்டோபரில், மான்ட்ரியலில். டிசம்பரில் நண்பர் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில் வேடிக்கைபோல ஒன்றைச் சொல்கிறார்: சபையில் இருமல் அதிகமானால் அடுத்த வேரியேஷனை விட்டுவிடுவாராம். ஒரு சிறு ஊரில் 20-ல் 10 மட்டுமே வாசித்தாராம். அச்சுப் பிரதியிலேயே மூன்றை விட்டுவிடலாம் என்ற அனுமதி இருக்கிறது. இதை அவர் இசைத்தட்டில் பதியவுமில்லை.

மண்ணை இழந்ததால் கலைஞன் மௌனமானான் என்று சொல்வது சௌகரியமானது. கேட்பவர்களுக்கு அதில் பொறுப்பில்லை. அந்த இருமலையும் சேர்த்துக்கொண்டு இந்த 25 வருஷங்களின் வரலாற்றை எழுத வேண்டும்.