கடன் தீருமுன் கந்தலாகும் துணி

கந்தையானாலும் அதைக் கசக்கிக் கட்ட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஏழைக்குத் தூய்மையைக் கற்பித்த இவ்வாக்கினுள் ஒரு பொருளியல் உண்மையும் ஒளிந்திருக்கிறது. கந்தையும் கசக்குதலைத் தாங்கும் என்ற நம்பிக்கையே அது. பல ஆண்டுகள் உழைத்து நைந்த துணிக்கும் கல்லில் அடிபட்டு வெயிலில் உலரும் வலு மிஞ்சியிருந்தது. இன்றோ தெஹியோவிட்டக் கடைத்தெருவில் தீபாவளிக்கு வாங்கிய சட்டை தைப்பொங்கலுக்குள் சாயம் போய்விடுகிறது. அக்குளில் தையல் விடுகிறது. மேற்பரப்பெங்கும் நூல் உருண்டு திரள்கிறது. கந்தையாகும் முன்பே அது குப்பையாகிறது.

"மலிவுச் சரக்கு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போகிறோம். மலிவு இயற்கையின் விதியன்று. அதை ஆக்கியவர்கள் உண்டு. அதனால் ஆதாயம் பெற்றவர்களும் உண்டு. களனிப் பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளர் உடுத்திய துணியின் வழியே சென்றால் அந்த வரலாறு தெளிவாகப் புலப்படும்.

கங்காணியின் பின்னே தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டம் அளித்த முதல் உடைகளில் ஒன்று கம்பளி. தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டைப் பகுதிகள் இலங்கையில் மிகுந்த மழை பெறுபவை. மழையில் அந்தக் கம்பளி கொங்காணியாகத் தலைமேல் ஏறியது. இரவில் லயத்துக் குளிருக்குப் போர்வையாயிற்று. அது முரடானது, கனமானது, ஆனால் உழைத்தது. எனினும் அது தானமாகக் கிடைத்ததன்று. வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டன. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் துரத்தியது. 1921ஆம் ஆண்டின் சட்டமே அந்த முறையை ஒழித்தது. உடலை மூடிய துணியே காலுக்கு விலங்காக இருந்த காலம் அது. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்வோம்: கடன் கொடியது, கம்பளி உறுதியானது.

கம்பளிக்கு உள்ளே உடுத்திய சேலைக்கும் வேட்டிக்கும் சீத்தைக்கும் கதை வேறு. அவற்றில் பெரும்பகுதியை உலகச் சந்தைக்கு அனுப்பியது லங்காஷயர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரத்துக் குன்றியபோது அங்குள்ள ஆலை முதலாளிகள் ஒரு வித்தையைப் பெருக்கினர். பாவு நூல் அறாதிருக்கப் பசையேற்றுவது எந்த நெசவாளியும் அறிந்த முறை. இவர்களோ எடையைக் கூட்டவே பசையேற்றினர். எட்டு இறாத்தல் நிறையுள்ள சாதாரண ஏற்றுமதித் துணியொன்றில் பருத்தி ஐந்தேகால் இறாத்தலே. மீதி இரண்டே முக்கால் இறாத்தலும் பசை. இதை எழுதிவைத்தது முதலாளிகளின் எதிரியல்ல. பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கை. வாங்கிய நூலின் விலையைவிடக் குறைந்த விலைக்கு, இறாத்தல் கணக்கில், நெய்த துணியை விற்றும் இலாபம் காண முடிந்த மாயம் இதுதான்.

பஞ்சம் நீங்கிய பின்னும் வித்தை நீங்கவில்லை. பசையில் வெள்ளைக் களிமண்ணும் மிகுதியாகச் சேர்ந்தது. தறியில் உதிர்ந்த அந்தத் தூசு நெசவாளரின் மூச்சில் புகுந்தது. தொட்மோடன் நகரத்து நெசவாளர் முறையிட்டதன் பேரில் மருத்துவர் ஜோர்ஜ் புக்கனன் 1872இல் அதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். இங்கிலாந்தில் நெய்தவள் களிமண்ணைச் சுவாசித்தாள். கடல் கடந்த நாட்டில் உடுத்தவள் முதல் துவைப்பில் அதே களிமண்ணை ஓடையில் கரைத்தாள். இருவருக்கும் இடையே இலாபம் ஒருவனுக்கு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பள்ளத்தாக்கில் றப்பர் பரவிற்று. 1903இல் குறும்புகையிரதப் பாதை யட்டியாந்தோட்டை வரை நீண்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம். பெண்ணுக்கு 40 சதம். உலகப் பொருளாதார மந்தத்தில் றப்பர் விலை சரிந்ததும் அக்கூலியும் வெட்டப்பட்டது. பால் வெட்டுபவர் துணியில் ஒட்டிய றப்பர்ப் பால் காய்ந்து கறுத்தால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வேலைத் துணி வேறு, வெளித் துணி வேறு என்று வைத்துக்கொள்ள வேண்டிய தொழிலாளிக்கு, இரண்டாவது துணி வாங்கக் கூலி போதவில்லை.

அந்நாளில் மலிவான யப்பானியத் துணி லங்காஷயரை இலங்கைச் சந்தையில் பின்தள்ளியது. ஒசாகா ஆலைப் பெண்களின் துயரமும் அந்த மலிவில் அடக்கமே. ஆனால் லண்டன் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. தன் ஆலை முதலாளிகளுக்காகவே வருந்தியது. 1934இல் அன்னியத் துணிக்குப் பங்குவரம்பு விதிக்கப்பட்டது. இலங்கை அரசாங்க சபை இணங்க மறுத்தபோது, மன்னரின் கட்டளைச் சட்டமாக அது திணிக்கப்பட்டது. மலிவுத் துணிக்கு வாசல் அடைபட்ட அதே ஆண்டில் மலேரியாக் கொள்ளைநோய் தொடங்கிக் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியது. நிவாரணப் பணியில் மக்களோடு நின்ற என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லத் தொகுதியிலும், பிலிப் குணவர்தன அவிசாவளைத் தொகுதியிலும் வென்றது தற்செயலன்று.

சுதந்திரத்தின் பின் வேறொரு வழி முயலப்பட்டது. கிழக்கு ஜேர்மனியின் உதவியோடு துல்கிரியவிலும், சீனாவின் உதவியோடு பூகொடையிலும் அரசாங்க நெசவாலைகள் எழுந்தன. நம் மக்களுக்கு நாமே நெய்வோம் என்பது அவற்றின் நோக்கம். 1970களின் தட்டுப்பாட்டையும் கூட்டுறவுக் கடை வரிசைகளையும் மறைக்கத் தேவையில்லை. மக்கள் அவற்றால் வாடினர். ஆனால் நோய்க்குக் கொடுத்த மருந்து என்ன? 1977இல் இறக்குமதிக் கதவு அகலத் திறந்ததும் கைத்தறியும் சிறு விசைத்தறியும் நசிந்தன. அவற்றில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். துல்கிரிய ஆலை தனியார் கைக்குப் போய்ப் பின்னர் மூடப்பட்டது. அதே வளவில் இன்று நிற்பது ஏற்றுமதி ஆடைக்கான தொழிற் பூங்கா.

இங்கேதான் வரலாறு தன் கூர்மையான முரண்பாட்டை அடைகிறது. 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும், 1992இன் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும், தெஹியோவிட்டவுக்கு அண்மையில் அவிசாவளையிலுள்ள சீதாவக்க வலயமும் உலகத்துக்கு ஆடை தைக்கின்றன. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போகின்றனர். ஒரு தையல் தவறினாலும் பரிசோதனை மேசையில் ஆடை கழிக்கப்படும். நல்ல ஆடை எது என்பதை அந்தப் பெண்ணைவிட அறிந்தவர் யார்? ஆனால் மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வாங்குவது, தன் கையால் ஒருநாளும் தேர்ச்சி தரமாட்டாத துணியை. ஏற்றுமதியில் கழிக்கப்பட்டு நடைபாதைக்கு வந்த ஆடை கிடைத்தால் அது அவளுக்குப் பேறு. அன்னியனுக்கு ஆகாதது நமக்கு உயர்தரம்!

களிமண்ணின் வேலையை இன்று வேறு தந்திரங்கள் செய்கின்றன. நூல் மெலிகிறது, நெசவு ஐதாகிறது, ஓர் அங்குலத்தில் விழும் தையல் குறைகிறது. பிள்ளை வளர வளர அவிழ்த்து விடுவதற்கென்று முன்னாளில் மடித்துத் தைத்த உள்விளிம்பு மறைந்துவிட்டது. குட்டையான பஞ்சு இழையுடன் செயற்கை இழை கலக்கிறது. விலைச்சீட்டு மட்டும் பெரிதாய் ஏறாமல் நிற்கிறது. விலையில் ஏறாதது துணியிலிருந்து இறங்குகிறது. அல்லது தைப்பவரின் கூலியிலும் உயிரிலும் இறங்குகிறது. 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தின் ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டது இந்தக் கணக்கின் கொடூரமான வரி.

தோட்டத்தில் இக்கணக்கு மாதச் சம்பளச் சீட்டில் தெரியும். தீபாவளி முற்பணம் தவணை தவணையாகக் கழிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய துணி கிழிந்த பின்னும் கழிவு தொடர்கிறது. பாட்டன் காலத்தில் கம்பளியும் இருந்தது, கடனும் இருந்தது. பேரன் காலத்தில் துணி போய்விட்டது, கடன் நிற்கிறது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்ததைப் பெரிதாகப் பேசினர். அடுத்த ஆண்டே ரூபாவின் மதிப்பு சரிந்து, இறக்குமதித் துணியின் விலை அந்த உயர்வை விழுங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை வாங்கியதை மும்முறை வாங்க வேண்டியிருப்பின், அதுவும் கூலிக் குறைப்பே. எந்தக் கூலிச் சபையும் இதைக் கூலிக் குறைப்பாகப் பதிவதில்லை என்பதே வேறுபாடு.

துணியின் தரம் நாகரிகப் பிரியரின் கவலையன்று. அது கூலிப் பிரச்சினை. 1993 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சீருடை வழங்கிவருகிறது. பொதுமக்களின் பெயரால் துணி வாங்க முடியுமெனில், பொதுமக்களின் பெயரால் அதன் தரத்தை வரையறுக்கவும் முடியும். சந்தையில் விற்கும் துணிக்கும் அந்த வரையறையை நீட்ட முடியும். வாழ்க்கைக் கூலியைக் கணக்கிடும்போது அரிசியோடும் மாவோடும் உழைக்கும் துணியையும் சேர்க்க வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் கோர முடியும். கறை படிந்த சட்டையோடு வரும் பிள்ளையைக் கண்டிக்க வாய் திறக்குமுன், அந்தச் சட்டையை நெய்தவர், தைத்தவர், விற்றவர், அதற்குக் கடன் கட்டுபவர் யாரென்று வகுப்பறையில் கேட்போம். ஐந்தேகால் இறாத்தல் பருத்தியை எட்டு இறாத்தலாக விற்றவர்களின் வரலாறு அப்போது பிள்ளைகளின் கண்முன் விரியும்.