படுக்கையருகே அரசு

நோயுற்றவர் வாய் திறந்து பேசக்கூடிய வரையில், எந்த மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை அவரே சொல்லிவிடுகிறார். பேச்சும் நினைவும் அற்ற பிறகு அவருக்காகப் பேசுவோர் யார்? கணவரா, பெற்றோரா, மருத்துவரா? இவர்கள் தம்முள் மாறுபடும்போது அரசு உள்ளே வருகிறது. அரசு என்பதோ ஒற்றை உருவம் உடையதன்று. நீதிமன்றமும் அரசே, சட்டமன்றமும் அரசே, ஆளுநரும் அதிபரும் அரசே. இவற்றுள் எது, எந்த வினாவை ஏந்தி நோயாளியின் படுக்கையை அணுகுகிறது என்பதே கருதத்தக்கது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும்.

அவ்வழக்குக்கு முன்பே இரு தீர்ப்புகள் வழி வகுத்திருந்தன. நியூ ஜெர்சி மாநிலத்தில் 1975 இல் நினைவிழந்த கேரன் ஆன் குவின்லன் என்னும் இளம்பெண்ணைச் சுவாசக் கருவியிலிருந்து விடுவிக்குமாறு அவருடைய பெற்றோர் வேண்டினர். மாநில உச்ச நீதிமன்றம் 1976 மார்ச் 31 இல் அதற்கு இசைந்தது. கருவி அகன்றதும் உயிர் அகலும் என்று பலர் எண்ணினர். அவரோ தாமாகவே மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார். அடுத்தது மிசௌரி மாநிலத்து நான்சி குரூசன் வழக்கு. தெளிந்த மனம் உடையவர் மருத்துவத்தை மறுக்கலாம்; பேச இயலாதவர் சார்பில் மறுப்போரிடம், அஃது அவருடைய விருப்பமே என்பதற்குத் தெளிவான சான்றினை மாநிலம் கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990 ஜூனில் கூறிற்று.

அதே 1990 ஆம் ஆண்டு பிப்ரவரி 25 ஆம் நாள் புளோரிடாவில் டெரி ஷியாவோ என்னும் 26 வயதுப் பெண் தம் வீட்டில் மயங்கி விழுந்தார். இதயம் நின்றது, மூளைக்கு உயிர்வளி செல்லவில்லை. இதயத்தை மருத்துவர் மீட்டனர். அறிவை மீட்க இயலவில்லை. உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஆயினும் தம்மையோ தம் சூழலையோ அவர் உணர்ந்தமைக்குச் சான்று காணப்படவில்லை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உணவு சென்றது.

சில ஆண்டுகள் கணவர் மைக்கேலும் பெற்றோரும் ஒன்றுபட்டே பேணினர். பின்னர்ப் பிளவு நேர்ந்தது. குழாயை அகற்ற இசைவு வேண்டி 1998 இல் கணவர் நீதிமன்றம் சென்றார். மகள் தங்களைக் கண்டு முறுவலிக்கிறாள் என்றனர் பெற்றோர். அவர்களை நகைப்பதற்கில்லை, பெற்ற மனம் அப்படித்தான் காணும். டெரி எழுதி வைத்தது எதுவுமில்லை. எப்போதோ அவர் சொன்னதாகக் கணவரும் கணவருடைய உறவினரும் நினைவுகூர்ந்த சொற்களே சான்றாயின. அவற்றை ஆராய்ந்த நீதிபதி ஜார்ஜ் கிரியர், இத்தகைய வாழ்வை டெரி விரும்பியிருக்க மாட்டார் என்று 2000 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். அச்சான்று மெலிந்தது என்று கருதுவோர் உண்டு. எனினும் நீதிமன்றம் கேட்ட வினா சரியானதே: ‘இப்பெண் எதனை விரும்பியிருப்பார்?’

குழாய் 2001 ஏப்ரலில் அகற்றப்பட்டு, இரண்டு நாளில் வேறொரு நீதிபதியின் ஆணையால் மீண்டும் பொருத்தப்பட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2003 அக்டோபர் 15 இல் இரண்டாம் முறை அகற்றினர். ஆறாம் நாள் புளோரிடா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆளுநர் ஜெப் புஷ் அன்றே கையொப்பமிட்டார். குழாயை மீண்டும் பொருத்த அன்றே ஆணையிட்டார். பெயரளவில் பொதுச்சட்டம்; உண்மையில் ஒரே ஒரு பெண்ணுக்கான சட்டம். டெரி எதனை விரும்பியிருப்பார் என்று அச்சட்டம் எங்கும் கேட்கவில்லை. முடிவை ஆளுநரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. அதிகாரப் பிரிவினைக்கு முரணானது என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 2004 செப்டம்பரில் ஒருமனதாக அதனைத் தள்ளிற்று.

குழாய் மூன்றாம் முறையாக 2005 மார்ச் 18 இல் அகற்றப்பட்டது. அதனைத் தடுக்கும் பொருட்டு, நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு ஒன்று டெரியையே நேரில் வருமாறு அழைப்பாணை விடுத்தது! பதினைந்து ஆண்டுகளாகப் பேச்சற்றுக் கிடந்தவருக்கு அழைப்பாணை. நீதிபதி கிரியர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. மார்ச் 20 ஞாயிறன்று மேலவையில் மூவர் மட்டும் இருந்து புதிய சட்டத்தை நிறைவேற்றினர். நள்ளிரவு கடந்து கீழவை 203க்கு 58 என்று வாக்களித்தது. டெக்சஸ் பண்ணை வீட்டிலிருந்து தலைநகர் திரும்பியிருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், விடியற்காலை 1.11 மணிக்குக் கையொப்பமிட்டார். இவர் ஆளுநர் ஜெப் புஷ்ஷின் தமையனார். டெக்சஸ் ஆளுநராக 1999 இல் இவர் கையொப்பமிட்ட சட்டமொன்று, பயனற்றதென மருத்துவமனை கருதும் சிகிச்சையைக் குடும்பத்தார் வேண்டினும் பத்து நாள் முன்னறிவிப்புக்குப் பின் நிறுத்த இடந்தந்தது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

புதிய சட்டம் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவைப் பெற்றோருக்குத் திறந்ததேயன்றி, குழாயைப் பொருத்துமாறு கட்டளையிடவில்லை. கூட்டரசு நீதிபதி விட்டமோர் அவ்வாறு ஆணையிட மறுத்தார்; மேல்முறையீட்டிலும் அம்மறுப்பே நின்றது. மார்ச் 31 இல், குவின்லன் தீர்ப்பு வந்த அதே நாளில், 29 ஆண்டுகள் கழித்து, டெரி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 41.

ஜூனில் பிணஆய்வு அறிக்கை வெளிவந்தது. மூளையின் எடை 615 கிராம். இருக்க வேண்டியதில் ஏறத்தாழப் பாதி. எந்த மருத்துவத்தாலும் அதனை மீட்டிருக்க முடியாது என்று அறிக்கை கூறிற்று. ஆளுநர் அதன் பின்னும் ஓயவில்லை. டெரி விழுந்த அன்று கணவர் உதவிக்கு அழைக்கத் தாமதித்தாரா என்று ஆராயுமாறு அரசு வழக்குரைஞரைப் பணித்தார். குற்றம் நிகழ்ந்தமைக்குச் சான்றில்லை என்று ஜூலையில் மறுமொழி வந்தது; விசாரணை அத்துடன் முடிந்தது.