கடாரத்து மன்னரின் தூதர்

முருகப்பெருமான் சூரபன்மன்மீது போர் தொடுக்குமுன் வீரவாகு தேவரைத் தூதாக அனுப்பிய வரலாற்றைக் கந்தபுராணம் விரித்துரைக்கின்றது. இராமபிரானுக்காக அனுமன் இலங்கைக்குத் தூது சென்றான். பாண்டவர்க்காகக் கண்ணபிரான் அத்தினாபுரத்துக்குத் தூது நடந்தான். இம்மூவர்க்கும் பொதுவான சிறப்பு ஒன்று உண்டு. மூவரும் தமக்கென எதனையும் நாடிச் செல்லவில்லை. அனுப்பியவர் கருத்தை அஞ்சாது எடுத்துரைத்தனர். மறுதரப்பார் மனநிலையை உள்ளவாறே கொணர்ந்து சேர்த்தனர். திருவள்ளுவரும் பொருட்பாலில் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

இந்த இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு கெடா மாநிலத்தின் வரலாற்றை நோக்கினால், வணிகராக வந்து தூதராக உயர்ந்த ஒருவரின் வாழ்க்கை நம் கண்முன் நிற்கின்றது. அவரே பிரான்சிஸ் லைட். பினாங்கின் நிறுவனர் என்று அவரைப் பலரும் அறிவர். ஆனால் பினாங்கில் கால் வைப்பதற்கு முன்னர் அவர் கெடா சுல்தானின் தூதராகக் கல்கத்தா சென்றவர் என்பதையும், அந்தத் தூது முடிந்த விதமே கெடாவின் தலைவிதியை மாற்றியது என்பதையும் அறிந்தோர் சிலரே.

வணிகமும் தூதும்

கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடா, தொன்மையான துறைமுக நாடாகும். பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அதற்குச் சான்று பகர்கின்றன. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை இங்கு வந்ததற்கு முன்பும் பின்பும் தமிழ் வணிகரின் மரக்கலங்கள் இக்கரைக்கு வந்து சென்றன.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் அந்நிலை மாறவில்லை. அரிசியும் ஈயமும் யானைகளும் கெடாவிலிருந்து ஏற்றுமதியாயின. சோழமண்டலக் கரையிலிருந்து துணிமணிகள் வந்திறங்கின. மன்னரின் வணிகத்தைக் கவனித்த அதிகாரி ‘சௌடாகர் ராஜா’ எனப்பட்டார். சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அப்பதவியை வகித்ததுண்டு. பல மொழி அறிந்தவர், பல துறைமுகம் கண்டவர், பல அரசவைகளில் அமர்ந்தவர் வணிகரே ஆதலால், பிற நாட்டாருடன் பேச வேண்டிய வேளையில் மன்னர் வணிகரையே நாடினார். ஆகவே ஓர் ஆங்கிலேய வணிகர் கெடா மன்னரின் தூதரானது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியன்று.

சென்னை நிறுவனத்தின் கப்பல் தலைவர்

பிரான்சிஸ் லைட் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1740ஆம் ஆண்டளவில் பிறந்தவர். இளமையில் அரச கடற்படையில் பணியாற்றினார். பின்னர் பிழைப்பைத் தேடி 1765இல் இந்தியாவிற்கு வந்தார். சென்னையில் இயங்கிய ஜோர்டன், சலிவன், டி சூசா என்னும் வணிக நிறுவனத்தின் கப்பல் தலைவராகிக் கீழைக்கடலில் வாணிகம் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக அல்லாமல், தம் திறமையையே முதலாகக் கொண்டு உழைத்தவர் அவர். மலாய் மொழியையும் சயாமிய மொழியையும் கற்றுத் தேர்ந்தார். இம்மொழியறிவே அவரை அரண்மனை வாயில் வரை கொண்டு சென்றது.

1771இல் கெடாவில் நெருக்கடி மூண்டது. சுல்தான் முகம்மது ஜீவாவுக்கு எதிராக உறவினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். சிலாங்கூரின் பூகிஸ் படையினர் அவர்களுக்குத் துணை நின்றனர். முதுமையுற்றிருந்த சுல்தான் ஐரோப்பியரின் படைத்துணையை வேண்டினார். அதற்கு ஈடாகக் கடற்கரைப் பகுதியையும் வாணிக உரிமைகளையும் தர முன்வந்தார். லைட் இதனைத் தம் நிறுவனத்தாருக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் எழுதினார். பினாங்குத் தீவின் பயனை எடுத்துக்காட்டியும் மடல் வரைந்தார்.

1772இல் சென்னையிலிருந்து எட்வர்ட் மோங்டன் என்னும் இளைஞரைக் கம்பெனி பேச்சு வார்த்தைக்கு அனுப்பியது. சுல்தான் வேண்டியது சிலாங்கூரை எதிர்க்கப் படை. கம்பெனி விரும்பியதோ போரில் சிக்காத வாணிகம். பேச்சு முறிந்தது. லைட் வடக்கே உஜோங் சாலாங், அதாவது இன்றைய புக்கெட் தீவுக்குச் சென்று பல்லாண்டுகள் வணிகம் நடத்தினார். ஆயினும் அந்த முறிவு கெடா அரண்மனையின் நெஞ்சத்தை அவருக்குத் தெளிவாக உணர்த்தியிருக்க வேண்டும். கெடா தேடியது வாடகைப் பணத்தையன்று, பாதுகாப்பையே.

1786ஆம் ஆண்டுத் தூது

சுல்தான் முகம்மது ஜீவாவுக்குப் பின் சுல்தான் அப்துல்லா முகாராம் ஷா 1778இல் அரியணை ஏறினார். சயாமும் பர்மாவும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. இருபெரும் அரசுகளுக்கு இடையே கெடா அல்லலுற்றது. வழக்கமாகச் சயாமுக்கு அனுப்பப்பட்ட பொன்மலர் மரங்கள் மட்டும் இனி நாட்டைக் காக்கமாட்டா என்று சுல்தான் அஞ்சினார். சயாமின் படைகள் தெற்கு நோக்கித் திரும்பிப் பட்டாணியைத் தாக்கியபோது அந்த அச்சம் உறுதிப்பட்டது.

அந்நிலையில் சுல்தான் தம் மடலை லைட்டிடம் ஒப்படைத்தார். லைட் அதனை ஏந்திக் கல்கத்தா சென்றார். பினாங்கைக் கம்பெனிக்குத் தருவதற்குச் சுல்தான் விதித்த நிபந்தனைகள் அம்மடலில் தெளிவாக இருந்தன. கடல் வழியே வரும் பகைவரைக் கம்பெனி தடுக்க வேண்டும். வாணிக வருவாய் குறைவதற்கு ஈடாக ஆண்டுதோறும் 30,000 ஸ்பானிய வெள்ளி தரவேண்டும். தரை வழியே பகைவர் வந்தால் படையும் படைக்கலமும் தந்து உதவ வேண்டும். அதற்கான செலவைச் சுல்தானே ஏற்பார்.

தலைமை ஆளுநர் பொறுப்பிலிருந்த ஜான் மெக்பர்சன் தீவைப் பெற இசைந்தார். சீன வாணிகக் கப்பல்கள் தங்கவும், வங்கக் கடலின் கீழ்க்கரையில் போர்க்கப்பல்களைப் பழுது பார்க்கவும் கம்பெனிக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. ஆயினும் படைத்துணை பற்றியும் பணம் பற்றியும் அவர் உறுதி கூறவில்லை. அவை இலண்டனுக்கு அனுப்பி முடிவு கேட்கப்பட வேண்டியவை என்று ஒத்தி வைக்கப்பட்டன.

இந்த வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. மன்னரின் தூதராகக் கல்கத்தா சென்ற லைட், கம்பெனியின் அதிகாரியாகத் திரும்பி வந்தார். இலண்டனிலிருந்து விடை வருவதற்கு முன்னரே, 1786 ஜூலை 17ஆம் நாள் சிறு படையுடன் பினாங்கில் இறங்கினார். ஆகஸ்டு 11ஆம் நாள் கொடியேற்றித் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் சூட்டினார். உதவி வரும் என்ற நம்பிக்கையைச் சுல்தானின் உள்ளத்தில் அவர் வளர விட்டார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்ற சொல்லை மன்னரிடம் தெளிவுறச் சொல்ல வேண்டியது அவர் கடமை. அச்சொல்லைச் சொல்லியிருந்தால் தீவு கைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

இரு தலைவருக்கு ஒரு பணியாளர்

விடை 1788இல் தெளிவாயிற்று. கெடாவுக்காகச் சயாமுடன் மோதும் எந்த உடன்படிக்கைக்கும் கம்பெனி உடன்படவில்லை. மாறாகச் சிறு தொகை மட்டும் தர முன்வந்தது. சுல்தான் அதனை மறுத்துவிட்டார்.

லைட்டிற்கும் நியாயம் வழங்குதல் வேண்டும். சுல்தானுக்குத் துணை அளிக்குமாறு அவர் கல்கத்தாவிற்குப் பன்முறை எழுதினார். மேலிடம் செவிசாய்க்கவில்லை. ஆனால் அவர் மேற்பார்வையாளர் பதவியில் இருந்தவாறே நண்பர் ஜேம்ஸ் ஸ்காட்டுடன் கூட்டு வாணிகமும் நடத்தினார். தீவு செழித்தால் அவர் பொருளும் செழிக்கும். சுல்தானின் நலனுக்காகத் தீவைத் துறக்கும் நிலையில் அவர் இல்லை. தூது சொல்பவருக்கு அந்தத் தூதின் முடிவிலேயே ஆதாயம் இருந்தால், அவர் நாவு எப்பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பொறுமை இழந்த சுல்தான் பிறைக் கரையில் படைகளைத் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படைகளைச் சிதறடித்தார். ஒரு காலத்தில் எந்த மன்னரின் மடலை ஏந்திச் சென்றாரோ, அதே மன்னர்மீது அவர் போர் தொடுக்க நேர்ந்தது. மே 1ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி. கெடாவைக் காப்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

விளைந்த நன்மையும் தீமையும்

பினாங்கு வளர்ந்தது. குவாலா மூடாவிலிருந்து சீனர் தலைவர் கோ லே ஹுவான் தொடக்கத்திலேயே அங்குச் சென்றார். நம்மவரும் பின்தங்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கப்பலேறி வந்து, உழைத்துச் சிறிது பொருள் ஈட்டி ஊர் திரும்புவதை லைட் 1794இல் குறித்து வைத்துள்ளார். இன்றும் சூலியா தெரு என்ற பெயர் நிலைத்துள்ளது. 1801இல் நிலம் வழங்கப்பட்டு, 1833இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் ஆலயம் அங்குக் குடியேறிய தமிழரின் பக்திக்குச் சான்றாக விளங்குகின்றது.

லைட் 1794 அக்டோபர் 21ஆம் நாள் காய்ச்சலால் இறந்தார். 1936இல் அவருக்குச் சிலை வைத்தபோது, அவருடைய உருவப்படம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதலால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்த அவர் மகன் வில்லியமின் முகத்தை மாதிரியாகக் கொண்டே அச்சிலை வடிக்கப்பட்டது.

கெடாவின் நிலை வேறாயிற்று. 1800இல் செபராங் பிறைப் பகுதியும் கம்பெனிக்குச் சென்றது. ஆண்டுத்தொகை 10,000 வெள்ளி ஆயிற்று. 1821 நவம்பரில், சுல்தான் அப்துல்லா அஞ்சியபடியே சயாமியப் படை கெடாவைச் சூறையாடியது. சுல்தான் அகமது தாஜுடின் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். அடைக்கலம் கிடைத்தது, படைத்துணை கிடைக்கவில்லை. அவர் 1842இல்தான் நாடு திரும்ப முடிந்தது. 1909இல் சயாம் கெடாவின்மீதிருந்த உரிமையைப் பிரிட்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. அதன் பின்னர் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களை நம்பி வந்தவர்களே இன்று கெடாவில் வாழும் தமிழர் பலரின் பாட்டனாரும் பூட்டனாரும். லைட்டின் தூது இவ்வாறு நம் குடும்பங்களின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது.

நமக்குரிய பாடம்

இரப்பர் மரங்களுக்கிடையே நம் முன்னோர் கோயில்களை எழுப்பினர். முனீசுவரருக்கும் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கூலிப்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினர். தோட்டத் துரையின் வாய்மொழி இசைவே பல கோயில்களுக்கு அடித்தளமாக இருந்தது. ‘துரை சரி என்று சொன்னார்’ என்று கங்காணி வந்து கூறியதை மக்கள் நம்பினர். துரை ஊர் திரும்பினார், தோட்டம் கைமாறியது, நிலம் துண்டாடப்பட்டது, வீடமைப்புத் திட்டம் எழுந்தது. அப்பொழுது, ‘இந்நிலம் கோயிலுக்கு உரியது என்பதற்கு எழுத்து எங்கே?’ என்ற வினா எழுந்தது. விடை சொல்ல ஆளில்லை. கருவறையையே பெயர்த்துச் செல்ல நேர்ந்த கோயில்கள் உண்டு.

1786இல் ஒரு மன்னருக்கு நேர்ந்ததும் பின்னர் தோட்டக் கோயில்களுக்கு நேர்ந்ததும் அளவில் வேறு, தன்மையில் ஒன்றே. சுல்தான் தம் நிபந்தனையை எழுத்தில் தந்தார். ஆனால் இசைவை எழுத்தில் பெறுமுன் தீவு கைவிட்டுப் போயிற்று. நம் முன்னோர் எழுத்தையே கேட்கவில்லை. இரு வேளையிலும் இடையில் நின்று பேசியவரின் சொல்லே எல்லாமாக இருந்தது.

ஆகவே ஆலய நிருவாகத்தில் பொறுப்பேற்போர், நில அலுவலகத்திற்கோ நிறுவனத்திற்கோ அமைச்சுக்கோ மக்களின் சார்பில் செல்லும்போது தாமும் தூதுவரே என்பதை மறத்தலாகாது. சென்ற இடத்தில் தமக்கென எதையும் நாடாமை முதற்கடமை. கிடைத்த விடை ‘இல்லை’ என்றாலும், ‘பார்க்கலாம்’ என்றாலும், அதனை அப்படியே சபையில் வைத்தல் இரண்டாம் கடமை. கிடைத்த இசைவை எழுத்தாக்கி, அதன் படியை ஆலயத்தில் காத்தல் மூன்றாம் கடமை. இனிப்பான சொல்லைக் கூறிக் கைதட்டல் பெறுவது எளிது. ஆனால் அக்கைதட்டலுக்குரிய விலையைப் பின்வரும் தலைமுறையே செலுத்த நேரும்.

வீரவாகு தேவர் மகேந்திரபுரியிலிருந்து திரும்பித் தம் தலைவனிடம் கூறியது இனிய செய்தியன்று. சூரபன்மன் இணங்கவில்லை என்ற உண்மையையே அவர் கூறினார். தூது கைகூடவில்லை, ஆயினும் தூதுவர் தவறவில்லை. திருவிழாக் காலத்தில் அப்பெருமானின் திருவடியை வணங்கும் நாம், அவன் தூதுவரின் வாய்மையையும் நெஞ்சில் கொள்வோமாக.